கேட்டது தேவைதானா? சார்லட்ஸ்வில் சிலைகளும் வர்ஜீனியா சட்டமன்றமும்

தன் பூங்காவில், தன் பெயரில் இருக்கும் ஒரு சிலையை அகற்ற ஒரு நகரத்துக்கு எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் நகரத்துக்குக் கிட்டத்தட்ட நான்கரை ஆண்டுகள் ஆயின. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையை வைத்திருந்த தென்மாநிலங்களின் படையை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் சிலை அது. நகர மன்றம் வாக்களித்தது 2017 பிப்ரவரியில். சிலை இறங்கியது 2021 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் ஒரு வழக்கு நடந்தது, ஓர் உயிர் போனது, மாநில சட்டமன்றத்தில் மசோதாக்கள் செத்தன, ஆட்சி மாறியது, கடைசியில் புதிய சட்டமே வந்தது. அதற்கெல்லாம் அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: அந்தச் சிலைகளைத் தொட நகரத்துக்கு எந்தச் சட்டமும் தடையாக இருந்ததே இல்லை.

உள்ளாட்சிகள் மாநில சட்டமன்றத்திடம் வைக்கும் கோரிக்கைகளைப் பற்றிப் பேசும்போது, 'கேட்டார்கள், கிடைத்தது' அல்லது 'கேட்டார்கள், கிடைக்கவில்லை' என்று இரண்டே முடிவுகளைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சார்லட்ஸ்வில் கதையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. கேட்டார்கள், கிடைத்தது, ஆனால் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. இந்த ஆய்வு அந்த மூன்றாவது முடிவைப் பற்றியது.

ஏன் கேட்க வேண்டியிருக்கிறது

அமெரிக்காவில் நகரம், கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற ஓர் அலகு) போன்ற உள்ளாட்சிகளைப் பற்றி அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. மாநிலங்கள்தான் அவற்றை உண்டாக்குகின்றன. அப்படியென்றால் அவற்றுக்கு எவ்வளவு அதிகாரம்? இந்தக் கேள்விக்கு 1868-ல் அயோவா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் டில்லன் கறாரான ஒரு பதில் சொன்னார். மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படும் அதிகாரம், உள்ளாட்சி இயங்குவதற்கு இன்றியமையாத அதிகாரம், இவ்வளவுதான் உள்ளாட்சிக்கு உண்டு. சந்தேகம் வந்தால் அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இதற்கு 'டில்லன் விதி' என்று பெயர். 1907-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஒரு பிட்ஸ்பர்க் வழக்கில், உள்ளாட்சி என்பது மாநிலத்தின் படைப்பு, மாநிலம் நினைத்தால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று சொல்லிவிட்டது.

பல மாநிலங்கள் பின்னாளில் உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி கொடுத்து இந்த விதியைத் தளர்த்தின. வர்ஜீனியா தளர்த்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மாநில நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட டில்லன் விதி இன்றுவரை அங்கே உயிரோடு இருக்கிறது. விளைவு என்ன? பிளாஸ்டிக் பைக்கு ஐந்து சென்ட் வரி போட வேண்டுமா, பள்ளிக்கூடத் தெருவில் வேகத்தைப் படம்பிடிக்கும் கேமரா வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அதனால் அந்த மாநிலத்தில் ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில் ஒரு சடங்கு நடக்கும். நகர மன்றங்களும் கவுன்ட்டி மேற்பார்வைக் குழுக்களும் அடுத்த கூட்டத்தொடருக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும். பட்டியலில் இரண்டு வகை உண்டு. 'எங்களுக்காக இந்த மசோதாவைக் கொண்டுவாருங்கள்' என்பது ஒன்று. 'யாராவது கொண்டுவந்தால் ஆதரிப்போம், இன்னதை எதிர்ப்போம்' என்று நிலைப்பாட்டை மட்டும் சொல்வது மற்றொன்று. முதல் வகை விலை அதிகம்: அதைச் சுமக்க ஒரு உறுப்பினர் வேண்டும், வரைவு வேண்டும், குழுவில் போய்ச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். இரண்டாம் வகைக்குச் செலவு கிடையாது, அதனால்தான் அது பக்கம் பக்கமாக நீளும். பட்டியல் தயாரானதும் உள்ளூர்த் தொகுதி உறுப்பினர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். அவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது வேறு, மசோதாவில் தன் பெயரைப் போடுவது வேறு என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை தொடங்கும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். ஒற்றைப்படை ஆண்டில் 30 நாள்தான், வழக்கமாக நீட்டித்துக்கொள்வார்கள். பிரதிநிதிகள் அவையில் 100 பேர், செனட்டில் 40 பேர். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள். பெரும்பாலானவை முழு அவையைப் பார்ப்பதே இல்லை. சில உறுப்பினர்களே கொண்ட துணைக்குழுவில், விடியற்காலைக் கூட்டம் ஒன்றில், சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிறைவேறியவை பொதுவாக ஜூலை 1-ல் நடைமுறைக்கு வரும்.

1904-ஆம் ஆண்டுச் சட்டமும் 1997-ஆம் ஆண்டுத் திருத்தமும்

சிலை விவகாரத்தின் வேர் 1904-ல் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் படைவீரர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்கக் கவுன்ட்டிகளுக்கு அனுமதி கொடுத்து வர்ஜீனியா அந்த ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. அப்படி வைத்த சின்னத்தை யாரும் குலைக்கவோ அதில் தலையிடவோ கூடாது என்ற பாதுகாப்பும் அதில் இருந்தது. கவனிக்க வேண்டியது: சட்டம் பேசியது கவுன்ட்டிகளைப் பற்றி. வர்ஜீனியாவில் நகரங்கள் கவுன்ட்டிக்கு உட்பட்டவை அல்ல. அவை தனி அலகுகள். நகரங்களைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. 1997-ல் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பைத் திருத்தி எழுதியபோதுதான் நகரங்களும் அதற்குள் வந்தன.

சார்லட்ஸ்வில்லின் இரண்டு சிலைகளும் அதற்கு வெகுகாலம் முன்னால் வந்தவை. பால் குட்லோ மெக்கின்டயர் என்ற உள்ளூர்ச் செல்வந்தர் நிலமும் சிலையும் நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். லீயைப் போலவே தென்மாநிலத் தளபதியான ஸ்டோன்வால் ஜாக்சன் சிலை 1921-ல் திறக்கப்பட்டது, லீ சிலை 1924-ல். போர் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இனப் பிரிவினைச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த காலம் அது.

சரி, 1997-ஆம் ஆண்டுத் திருத்தம் 1924-ல் வைத்த சிலைக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வி சார்லட்ஸ்வில்லுக்கு முன்பே டான்வில் என்ற நகரத்தில் எழுந்தது. அங்கே நகரத்துக்குச் சொந்தமான ஒரு பழைய மாளிகையில் பறந்த தென்மாநிலக் கொடியை 2015-ல் இறக்கினார்கள். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அங்கிருந்த நீதிபதி, திருத்தம் முன்தேதியிட்டுப் பாயாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்.

இதற்கு எதிர்த் தரப்பு செய்ததுதான் சுவாரசியம். 2016 கூட்டத்தொடரில் அவர்கள் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள்: எப்போது வைத்த சின்னமானாலும் பாதுகாப்பு பொருந்தும். இரண்டு அவைகளும் நிறைவேற்றின. ஆளுநர் டெரி மெக்காலிஃப் அந்த ஆண்டு மார்ச்சில் அதைத் தன் மறுப்பாணையால் நிறுத்திவிட்டார். இதை ஒரு வழக்கறிஞர் கண்ணால் பாருங்கள். பழைய சின்னங்களுக்கும் சட்டம் பொருந்தும் என்று புதிதாக எழுத வேண்டியிருக்கிறது என்றால், இருக்கிற சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றுதானே பொருள்? ஆக 2016 வசந்த காலத்தில் நகரங்களின் கையில் ஒரு கீழ் நீதிமன்றத் தீர்ப்பும், சட்டமன்றத்தின் ஒரு தோற்ற முயற்சியும் ஆதாரமாக இருந்தன. சார்லட்ஸ்வில்லில் சிலையை அகற்றும் பேச்சு சூடுபிடித்ததும் அதே மார்ச் மாதத்தில்தான்.

இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில்

உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் லீ சிலையை அகற்றக் கோரி மனு எழுதினார். நகர மன்றம் ஒரு குழு அமைத்தது. குழு ஆண்டின் கடைசியில் இரண்டு வாய்ப்புகளைச் சொன்னது: சிலையை இருந்த இடத்திலேயே வைத்து அதன் வரலாற்றை மாற்றிச் சொல்லலாம், அல்லது வேறு பூங்காவுக்கு மாற்றலாம். 2017 பிப்ரவரியில் மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் லீயை அகற்ற வாக்களித்தது. அடுத்த மாதமே வழக்கு வந்தது. மே மாதம் தற்காலிகத் தடை.

ஆகஸ்ட் 11, 12 தேதிகளில் நடந்ததை உலகமே பார்த்தது. சிலையை அகற்றுவதை எதிர்த்துச் சார்லட்ஸ்வில்லில் கூடிய வெள்ளை இனவாதிகள் தீப்பந்தங்களோடு பல்கலைக்கழக வளாகத்தில் ஊர்வலம் போனார்கள். மறுநாள் எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹேயர் கொல்லப்பட்டார். அதன் பிறகு நகர மன்றத்தில் ஒருவருக்கும் தயக்கம் மிச்சமில்லை. ஜாக்சனையும் அகற்றுவதென்று முடிவாயிற்று. இரண்டு சிலைகளையும் கறுப்புத் தார்ப்பாயால் மூடினார்கள். இரவில் யாராவது வந்து அதைக் கிழிப்பதும், நகர ஊழியர்கள் திரும்பவும் கட்டுவதுமாக மாதங்கள் ஓடின. 2018 பிப்ரவரியில் நீதிபதி தார்ப்பாயையும் அவிழ்க்கச் சொன்னார். மூடுவதும் தலையிடுவதுதான் என்றாயிற்று.

இந்தக் கட்டத்தில் நகரம் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்துகொண்டிருந்தது. நீதிமன்றத்தில், 'இந்தச் சட்டம் எங்கள் சிலைகளுக்குப் பொருந்தாது, எங்களுக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது' என்று வாதாடியது. ரிச்மண்டில், 'எங்களுக்கு அதிகாரம் கொடுங்கள்' என்று கேட்டது. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்தும். ஒன்றில் இருக்கிறது என்கிறாய், இன்னொன்றில் இல்லை என்கிறாய்.

இதில் நகரத்தைக் குறை சொல்வதும் எளிதல்ல. அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) மார்க் ஹெரிங், 1997-க்கு முன் நகரங்களில் வைத்த சின்னங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்ற கருத்தை 2017 ஆகஸ்ட் கடைசியில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அட்டர்னி ஜெனரல் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் மூர் நேர் எதிராக, சட்டம் பழைய சிலைகளுக்கும் பொருந்தும் என்றார். 2019-ல் இரண்டும் போர் நினைவுச் சின்னங்களே என்று சொல்லி நிரந்தரத் தடையும் விதித்தார். வாதிகளின் வழக்கறிஞர் செலவையும் நகரம் கொடுக்க வேண்டும் என்றார். தடையாணை கழுத்தில் தொங்கும்போது, 'நாங்கள் சொல்வதுதான் சட்டம், ரிச்மண்டில் எதையும் கேட்க மாட்டோம்' என்று எந்த நகர வழக்கறிஞரும் இருக்க முடியாது. மேல்முறையீடு தோற்றால் என்ன செய்வது? இரண்டு கதவையும் தட்டுவதுதான் புத்திசாலித்தனம். கேள்வி, இரண்டாவது கதவை எப்படித் தட்டினார்கள் என்பது.

ரிச்மண்டில் நடந்தது

கோரிக்கையைச் சுமந்தவர் டேவிட் டஸ்கானோ. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்: சார்லட்ஸ்வில்லின் முன்னாள் மேயர், அந்தத் தொகுதியின் உறுப்பினர், பல ஆண்டுகள் பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். அவர் கொண்டுவந்த மசோதா லீயை அகற்றச் சொல்லவில்லை. எந்தச் சிலையையும் அகற்றச் சொல்லவில்லை. அகற்றுவதா வைத்திருப்பதா என்ற முடிவை அந்தந்த உள்ளாட்சிக்கு விட்டுவிடு என்றது. உள்ளாட்சிக் கோரிக்கைகளில் மிகவும் அடக்கமான வடிவம் இதுதான். பக்கத்து ஊரைக் கட்டாயப்படுத்தாது, மாநிலக் கருவூலத்திலிருந்து ஒரு டாலர் கேட்காது.

அப்படியும் 2019 ஜனவரியில் அது துணைக்குழுவிலேயே முடிந்தது. அப்போது பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சிக்கு 51, ஜனநாயகக் கட்சிக்கு 49. செனட்டில் 21-க்கு 19. இவ்வளவு நெருக்கமான கணக்கில் முழு அவைக்கு வந்திருந்தால் யாராவது இரண்டு பேர் மாறியிருக்கலாம். அதனால்தான் அது முழு அவைக்கு வரவில்லை. அவையில் தோற்கடிப்பதற்குப் பதிலாக, அவைக்கே வராமல் பார்த்துக்கொள்வது பெரும்பான்மைக் கட்சிக்கு எப்போதும் வசதி. தன் கட்சிக்காரர் யாரும் பதிவாகும் ஒரு வாக்கைப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சார்லட்ஸ்வில் தனியாகவும் இல்லை. தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள அலெக்சாண்ட்ரியாவின் நகர மன்றம், 1889-ல் நடுச்சாலையில் வைத்த 'அப்போமாட்டாக்ஸ்' வீரர் சிலையை இடம் மாற்ற அனுமதி கேட்க 2016-லேயே ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தச் சிலைக்கென்றே 1890-ல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள், அதனால் கேட்டே ஆக வேண்டும். ரிச்மண்டில் அது அசையவில்லை. கடைசியில் 2020 ஜூனில் சிலையின் உரிமையாளரான பெண்கள் சங்கமே வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. நார்ஃபோக் நகரம் இன்னொரு வழியைப் பார்த்தது: ஒரு சிலையை வைத்துக்கொள்ள எங்களைக் கட்டாயப்படுத்துவது எங்கள் பேச்சுரிமையைப் பறிப்பது என்று 2019-ல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நகரத்துக்குப் பேச்சுரிமையா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ, சட்டமன்றக் கதவு திறக்காதபோது ஒரு நகர வழக்கறிஞர் எவ்வளவு தூரம் யோசிக்கிறார் என்பதற்கு அது நல்ல சாட்சி.

2019 நவம்பர் தேர்தல் எல்லாவற்றையும் மாற்றியது. ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 55, செனட்டில் 21 இடங்கள் பெற்றது. ஆளுநர் ரால்ஃப் நார்தமும் அதே கட்சி. இரண்டு அவைகளும் ஆளுநர் பதவியும் ஒன்றாக அந்தக் கட்சியின் கையில் இருப்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் நடக்காதது. உள்ளாட்சிகள் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதி மடித்து வைத்த பட்டியல்கள் எல்லாம் ஒரே குளிர்காலத்தில் உயிர்பெற்றன. பிளாஸ்டிக் பை வரி, பள்ளிப் பகுதி வேகக் கேமரா, சிலை, எல்லாம் 2020-ல் நிறைவேறியவை. கோரிக்கையின் வாசகம் அதிகம் மாறவில்லை. கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள்.

அப்படியும் மசோதா நேராகப் போய்விடவில்லை. பிரதிநிதிகள் அவையில் டெலோரஸ் மெக்குவின், செனட்டில் மேமி லாக் ஆகிய இருவரும் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு எளிதாக அனுமதி கொடுப்பது என்பதில் இரண்டு அவைகளும் ஒத்துப்போகவில்லை. செனட் கூடுதல் படிகளை விரும்பியது. சமரசக் குழு உட்கார்ந்து ஒரு நடுவழி கண்டது. ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் உள்ளடக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உள்ளாட்சி முதலில் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பொது விசாரணை நடத்த வேண்டும். அப்புறம் வாக்கெடுப்பு. அகற்றலாம், இடம் மாற்றலாம், விளக்கப் பலகை வைக்கலாம், மூடலாம். அகற்றுவதென்றால் அருங்காட்சியகம், வரலாற்றுச் சங்கம், அரசு அமைப்பு, போர்க்களப் பாதுகாப்பிடம் போன்றவற்றுக்கு 30 நாள் அந்தச் சிலையை வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். ஆனால் கடைசியில் அதை என்ன செய்வது என்ற முழு அதிகாரம் உள்ளாட்சிக்கே. பொதுக் கல்லறைகளுக்கு இது பொருந்தாது. லெக்சிங்டன் நகரத்தில் உள்ள அரசு உயர்கல்வி நிறுவனத்துக்கும் பொருந்தாது என்று ஒரு வரி உண்டு. வர்ஜீனியா ராணுவக் கல்லூரியை, பெயர் சொல்லாமல் விட்டுவிடும் வரி அது. வாக்குக் கணக்கு சரியாக வர இப்படி ஒரு வரி எங்காவது தேவைப்படும்.

ஒரே சதுக்கம், இரண்டு சட்டநிலை

2020 ஜூலை 1. சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே ரிச்மண்ட் மேயர் லெவார் ஸ்டோனி அவசர அதிகாரத்தைக் காட்டித் தன் நகரத்தில் இருந்த ஒரு ஜாக்சன் சிலையை இறக்கினார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் கொன்றதற்குப் பிந்தைய வாரங்கள் அவை. யாரும் 60 நாள் காத்திருக்கும் மனநிலையில் இல்லை.

சார்லட்ஸ்வில்லில் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். நகரத்தைச் சுற்றியிருப்பது ஆல்பமார்ல் கவுன்ட்டி. கவுன்ட்டியின் நீதிமன்றக் கட்டடம் நகரத்துக்குள்ளேயே, ஜாக்சன் சிலை நின்ற பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வாசலில் 1909-ல் வைத்த வெண்கலப் படைவீரர் சிலை. கவுன்ட்டி புதிய சட்டத்தின் படிகளை வரிசையாக நடத்தி, ஆகஸ்டில் வாக்களித்து, 2020 செப்டம்பர் 12-ல் அதை இறக்கி ஒரு போர்க்களப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்துவிட்டது. சில அடி தள்ளி நகரத்தின் ஜாக்சன் நின்றுகொண்டே இருந்தார். நகரத்தின் மீது தடையாணை இருந்தது. கவுன்ட்டியின் மீது இல்லை.

2021 ஏப்ரல் 1-ல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பெர்னார்ட் குட்வின் எழுதியதன் சாரம் நேரானது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்ட்டிகளுக்கு மட்டுமே அதிகாரம் கொடுத்தது. பாதுகாப்பும் அந்த அதிகாரத்தின் கீழ் வைத்த சின்னங்களுக்கு மட்டுமே. 1997-ல் நகரங்கள் சேர்க்கப்பட்டன, ஆனால் பின்னோக்கிப் பாயும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. எனவே 1920-களில் சார்லட்ஸ்வில் நகரம் வைத்த சிலைகளுக்குப் பாதுகாப்பு எப்போதுமே இருந்ததில்லை. கீழ் நீதிமன்றத் தடையும் போயிற்று, வழக்கறிஞர் செலவும் போயிற்று.

இப்போது சதுக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். கவுன்ட்டியின் வீரர் சிலை 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், கவுன்ட்டி வைத்தது. அதை இறக்க 2020 சட்டம் உண்மையிலேயே தேவைப்பட்டது. நகரத்தின் ஜாக்சனுக்கும் லீக்கும் தேவைப்படவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலைகள், ஒரே காலகட்டம், ஒரே தென்மாநில நினைவு; ஒன்றுக்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். சட்டத்துக்காக அதிகம் போராடியது, அது தேவைப்படாத நகரம். சத்தமில்லாமல் தன் பட்டியலில் வைத்திருந்து பயன்படுத்திக்கொண்டது, அது தேவைப்பட்ட கவுன்ட்டி.

கேட்பதன் விலை

டில்லன் விதி இருக்கும் மாநிலத்தில் அதிகாரம் கேட்பது ஒரு வெறும் வேண்டுகோள் கிடையாது. 'இந்த அதிகாரம் எங்களிடம் இல்லை' என்ற அறிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதிகாரம் இல்லை என்றுதான் விதியே சொல்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கோரிக்கை வைக்கும் உள்ளாட்சியே முதலில் எழுப்பிவிடுகிறது. சட்டமன்றம் மறுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 'கேட்டாய், கொடுக்கவில்லை' என்று எதிர்த் தரப்பு சொல்ல வழி பிறக்கிறது. 2016-ல் எதிர்த் தரப்பின் மசோதா மறுக்கப்பட்டதிலிருந்து நகரங்கள் என்ன முடிவுக்கு வந்தனவோ, அதே தர்க்கம் 2019-க்குப் பிறகு நகரத்தின் மீதே திரும்பலாம்.

பிளாஸ்டிக் பை வரியில் இந்தச் சிக்கல் இல்லை. வரி போடும் அதிகாரம் உள்ளாட்சிக்குத் தெளிவாகவே கிடையாது. அங்கே கேட்பதால் இழப்பதற்கு எதுவும் இல்லை. 2020-ல் அனுமதி கிடைத்தது, ரோனோக், ஃபேர்ஃபேக்ஸ், ஆர்லிங்டன், அலெக்சாண்ட்ரியா போன்றவை 2021-ல் விதி போட்டு 2022 ஜனவரியிலிருந்து வசூலித்தன. சுத்தமான கதை. சிலை விவகாரம் வேறு ரகம்: அதிகாரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற சாம்பல் நிற இடம். அந்த இடத்தில் பை வரி கேட்பது மாதிரியே கேட்டால் நட்டம்.

வேறு எப்படிக் கேட்பது? வர்ஜீனியாவின் மசோதா வரைவாளர்களிடமே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. மசோதாவின் கடைசியில், 'இந்தச் சட்டத்தின் விதிகள் ஏற்கெனவே உள்ள சட்டத்தை எடுத்துரைப்பவை' என்று ஒரு தனிப் பிரிவைச் சேர்ப்பார்கள். புதிதாக எதையும் கொடுக்கவில்லை, இருப்பதைத் தெளிவாக்குகிறோம் என்பது அதன் பொருள். மசோதா நிறைவேறினால் பழைய வழக்கிலும் கை கொடுக்கும். தோற்றாலும், 'அதிகாரம் கேட்டோம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. 'தெளிவுபடுத்தக் கேட்டோம்' என்றுதான் பதிவாகும். இன்னொரு வழி, சந்தேகமே இல்லாதவர்களை முன்னால் நிறுத்துவது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாகச் சிக்கியிருந்த கவுன்ட்டிகள் மசோதாவைக் கேட்கட்டும், நகரம் ஆதரவு நிலைப்பாட்டோடு நிற்கட்டும், வழக்கைத் தனியே நடத்தட்டும். இரண்டு வாய் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் பேச வேண்டியிருக்காது.

ஆனால் அரசியல் இதற்கு இடம் கொடுத்திருக்குமா? 2017 ஆகஸ்டுக்குப் பிறகு, ஒரு பெண் செத்துப் போன ஊரின் மன்றம், 'எங்கள் வழக்கு நிலை பாதிக்கும், அதனால் ரிச்மண்டில் கொஞ்சம் அமைதியாக இருக்கிறோம்' என்று மக்களிடம் சொல்ல முடியாது. கோரிக்கைப் பட்டியல் சட்டமன்றத்துக்கு எழுதும் கடிதம் போலத் தோன்றும். பாதி, சொந்த ஊர் வாக்காளருக்கு எழுதுவது. நான் நகர வழக்கறிஞராக இருந்திருந்தால் எடுத்துரைக்கும் பிரிவுக்காகச் சண்டை போட்டிருப்பேன், மன்ற உறுப்பினராக இருந்திருந்தால் அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தீர்ப்புக்குப் பின்

ஏப்ரல் தீர்ப்பு வந்ததும் நகரம் மறுநாளே கிரேனைக் கூப்பிட்டிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். கூப்பிடவில்லை. 2020 சட்டத்தின் படிகளையே பின்பற்றியது. அறிவிப்புக் கொடுத்து, 2021 ஜூன் 7-ல் பொது விசாரணை நடத்தி, ஒருமனதாக வாக்களித்து, 30 நாள் சிலைகளை யாராவது வாங்கிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தது. ஜூலை 10 சனிக்கிழமை இரண்டும் இறங்கின. நான்காண்டு வழக்குக்குப் பிறகு இன்னொரு வழக்குக்கு வாசல் திறந்து வைக்க யாருக்கும் ஆசை இல்லை; தேவையில்லை என்று நீதிமன்றமே சொன்ன சட்டத்தை நகரம் காப்பீடாக வைத்துக்கொண்டது.

அந்தக் காப்பீடு வீணாகவும் இல்லை. 2021 டிசம்பரில் நகர மன்றம் லீ சிலையை, உருக்கிப் புதிய பொதுக் கலைப்படைப்பாக வார்ப்பதற்காக, உள்ளூர் ஆப்பிரிக்க அமெரிக்க மரபு மையம் ஒன்றுக்குக் கொடுத்தது. ஜாக்சன் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு கலை அமைப்புக்குப் போனார். உருக்குவதைத் தடுக்க மறுபடி வழக்கு வந்தது. சிலையை இறக்கலாமா என்ற கேள்வி இந்த முறை எழவில்லை. இறக்கிய சிலையை நகரம் என்ன செய்யலாம் என்பதுதான் தகராறு. கடைசி முடிவு உள்ளாட்சிக்கே என்ற வரி ஏப்ரல் தீர்ப்பில் கிடைத்தது அல்ல, ரிச்மண்டில் கேட்டு வாங்கிய 2020 சட்டத்தில் இருப்பது. வழக்கு தள்ளுபடியாயிற்று. 2023 அக்டோபரில் லீ உலைக்குள் போனார்.